முற்றின மரைக்குக் கிளையே இல்லாத சின்னக் கொம்பு: என்ன காரணம்?

பட்டிப்பொலயான்
எல்லாருக்கும் வணக்கம். எங்கள் லயத்து வீடுகளுக்குப் பின்னால், காட்டோரமாக இருக்கிற மரக்கறித் தோட்டத்துக்கு ராத்திரியில் மரை (கடமான்) இறங்குவது வழக்கம். லீக்ஸ், கரட் இலை, கோவா எதையும் விடாது. அதில் ஒரு கொம்பன் இருக்கிறது. உடம்பில் அந்தக் கூட்டத்திலேயே அதுதான் பெரிசு. கழுத்து தடித்துப் பிடரிமயிர் அடர்ந்திருக்கும். நிறம் நன்றாகக் கறுத்துவிட்டது, இடது காது கிழிந்திருக்கிறது. ஆனால் கொம்பு மட்டும் முழங்கை நீளத்தில் இரண்டு குச்சி. நெற்றிக்கு மேலே வர வேண்டிய கிளையும் இல்லை, நுனியில் கவையும் இல்லை. அதைவிட உடம்பில் சிறுத்த இன்னொரு ஆணுக்குப் பக்கத்துக்கு மூன்று முனையாக முறையான கொம்பு இருக்கிறது.

தோட்டம் செய்கிறவர்களில் சிலர், "இது வித்துக் கெட்டது, இது பெருகினால் காட்டில் உள்ள மரையெல்லாம் இப்படித்தான் ஆகும், சுருக்குக் கம்பி வைத்து முடித்துவிட வேண்டியதுதான்" என்கிறார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ராகலை_குமார்
தம்பி, இளசாக இருக்கும். மரைக்கு முதல் கொம்பு குச்சியாகத்தான் வரும். அது விழுந்து அடுத்தடுத்து முளைக்கும்போதுதான் கிளை விடும். மூன்று முனையும் முழுசாக வர நாலு வயசாவது ஆக வேண்டும். இரண்டு வருஷம் பொறுத்துப் பாருங்கள்.

பட்டிப்பொலயான்
இல்லை அண்ணே. கிழிந்த காதை வைத்து இதை எல்லாருக்கும் அடையாளம் தெரியும். பல வருஷமாக வருகிறது. நடுவில் கொம்பு விழுந்து மறுபடி முளைத்ததையும் பார்த்திருக்கிறோம். திரும்பவும் அதே குச்சிதான் வந்தது.

கால்நடை_அக்கா
குமார் சொன்னதைத்தான் முதலில் சோதிக்க வேண்டும், ஆனால் இந்த விவரத்துக்குப் பிறகு அது பொருந்தவில்லை. தம்பி, அடுத்த தடவை பார்க்கும்போது கொம்பின் நுனியைப் பார்க்காதீர்கள், அடியைப் பாருங்கள். மண்டையோட்டிலிருந்து எழும்புகிற எலும்புக் குமிழின் மேல்தான் கொம்பு உட்காருகிறது. இளசில் அந்தக் குமிழ் ஒல்லியாக, உயரமாக, மயிர் மூடிய குழாய் மாதிரி தனியாகத் தெரியும். ஒவ்வொரு தடவை கொம்பு விழும்போதும் குமிழ் கொஞ்சம் குட்டையாகி, சுற்றளவில் பெருத்துக்கொண்டே போகும். முற்றின ஆணில் கொம்பு தலையோடு ஒட்டி முளைத்ததுபோல இருக்கும். அடிப்பகுதி தடித்து, சுற்றிலும் முத்து முத்தாகக் கரடு கட்டியிருந்தால் அது வயதானதுதான்.

இனிக் காரணத்துக்கு வருகிறேன். மாட்டுக்கொம்பு சாகும்வரை அப்படியே இருக்கும். மான் இனத்தின் கொம்பு முழுக்க எலும்பு. விழுந்து, புதிதாக வளர்ந்து, முற்றி, மறுபடி விழும். கவ்வாத்து வெட்டின தேயிலைச் செடியை நினைத்துப் பாருங்கள்: அடித்தண்டு அதேதான், ஆனால் வாதுகள் எப்படி வரும் என்பது வேரில் எவ்வளவு சேர்த்து வைத்திருக்கிறது என்பதைப் பொறுத்தது. கொம்பு வளர்கிற காலத்தில் அதன்மேல் இரத்தக்குழாய் நிறைந்த மெல்லிய தோல் போர்த்தியிருக்கும், தொட்டால் சூடாக இருக்கும். பாலூட்டிகளின் உடம்பில் இவ்வளவு வேகமாக வளர்கிற எலும்பு வேறு கிடையாது. பெரிய மான் இனங்களில் ஒரே நாளில் 2 சென்டிமீட்டர்கூட நீளும். பிறகு ஆண் ஹோமோனான டெஸ்டோஸ்டெரோன் ஏற, கொம்பு இறுகும், தோல் காய்ந்து உரியும்.

முற்றின கொம்பின் எடையில் பாதிக்கு மேல் கல்சியமும் பொசுபரசும் சேர்ந்த தாது, மீதியில் பெரும்பகுதி புரதம். அந்தச் சில மாதத்தில் இவ்வளவு தாதுவை இரையிலிருந்து மட்டும் எடுத்துவிட முடியாது. அதனால் விலா எலும்பு போன்றவற்றிலிருந்து உடம்பு கடன் வாங்குகிறது. கொம்பு வளரும் காலத்தில் ஆண் மானின் விலா எலும்பு அடர்த்தி குறைந்து, பிறகு தேறும். கொம்பு இல்லாமலும் மிருகம் பிழைக்கும், விலாவும் காலும் இல்லாமல் பிழைக்காது. ஆகவே உடம்பின் தேவை போக மிஞ்சுவதுதான் கொம்புக்குப் போகிறது. மிச்சம் இல்லையென்றால் முதலில் குறைவது கிளைதான். அது கெட்ட வித்து என்பதற்கு அத்தாட்சி இல்லை.

முற்றின ஆணுக்குச் சின்னக் கொம்பு வர எனக்குத் தெரிந்து காரணம் பல: இப்போதைய இரை, பிறந்த காலத்துத் தாயின் நிலை, பரம்பரை, ஹோமோன் கோளாறு, காயம், நோய், குடற்புழு, பிறகு முதுமை. ஒவ்வொன்றும் வேறு வேறு அடையாளம் விடும். கண்ணால் பார்த்தே சிலதைக் கழித்துவிடலாம்.

தலவாக்கலை_செல்வா
டொக்டர், ஒரு கேள்வி. மாட்டில் நல்ல காளை பார்த்துத்தானே சினைப்படுத்துகிறோம்? அமெரிக்காவில் டெக்சாஸ் பக்கம் வேட்டைப் பண்ணைகளில் குச்சிக்கொம்பு மானைத் தேடித் தேடிச் சுட்டுக் கழிக்கிறார்களே. பரம்பரை இல்லையென்றால் ஏன் அப்படிச் செய்கிறார்கள்?

கால்நடை_அக்கா
செல்வா, பரம்பரை இல்லை என்று நான் சொல்லவே இல்லை. டெக்சாஸில் 1970களிலிருந்து வெண்வால் மானைக் கூண்டில் வளர்த்து நடத்திய ஆய்வுகளில், ஒரே தீனி கொடுத்தும் சில தகப்பன் வழியில் கொம்பு சிறுத்தே வந்தது உண்மை. அதைப் பிடித்துக்கொண்டுதான் கழிக்கிற வேலை தொடங்கியது. ஆனால் அங்கே குச்சிக்கொம்பு என்று கழித்ததில் பெரும்பாலானது ஒன்றரை வயது மான். பிந்திப் பிறந்த குட்டிக்கும், வறட்சியில் பிறந்த குட்டிக்கும் முதல் கொம்பு குச்சியாகத்தான் வரும். பிற்பாடு தெற்கு டெக்சாஸில் பெரிய பண்ணை ஒன்றில், கூண்டில் இல்லாமல் வெளியில் திரிந்த மான்களில், வருஷக்கணக்காகக் கடுமையாகக் கழித்துப் பார்த்தார்கள். கொம்பு பெருக்கவில்லை. ஆண்களின் எண்ணிக்கைதான் குறைந்தது. மாட்டுப் பட்டியில் தாயும் நம் கையில், தகப்பனும் நம் கையில், தீனியும் நம் கையில். காட்டில் அப்படி இல்லையே. பெண் மரையும் பாதிப் பரம்பரையைக் கொடுக்கிறது. அதற்குக் கொம்பே கிடையாது, எதைப் பார்த்துக் கழிப்பீர்கள்?

இன்னொரு ஆய்வு எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியமாகப் படுகிறது. தென் டகோட்டாவில் கறுப்பு மலை என்ற இடத்து மான்கள் உடம்பும் சிறுசு, கொம்பும் சிறுசு. அதே மாநிலத்தின் கிழக்கில், விளைநிலம் உள்ள பகுதியில், மான்கள் பெரிசு. பரம்பரை வேறு என்றுதான் எல்லாரும் நினைத்திருப்பார்கள். இரண்டு இடத்துக் காட்டுத் தாய்களுக்குப் பிறந்த குட்டிகளுக்கும் ஒரே நல்ல தீனி கொடுத்து வளர்த்தார்கள். கறுப்பு மலைத் தாய்க்குப் பிறந்த ஆண்கள் நல்ல தீனி தின்றும் சிறுத்தே இருந்தன. இத்தோடு நிறுத்தியிருந்தால் பரம்பரை என்றே எழுதியிருப்பார்கள். ஆனால் நல்ல தீனியில் வளர்ந்த பெண்களுக்கு அடுத்து பிறந்த ஆண்கள் கிழக்கத்தி மான்களை எட்டிப்பிடித்துவிட்டன. 2009இல் வெளிவந்த முடிவு இது. தாயின் பசி மகனின் கொம்பில் தெரிகிறது, அவன் பிறகு எவ்வளவு தின்றாலும்.

தம்பியின் கொம்பன் இன்றைக்கு லீக்ஸ் பாத்தியில் வயிறு நிறையத் தின்கிறதே, பிறகு ஏன் குச்சிக்கொம்பு என்று கேட்டால், ஒரு பதில் இதற்குள் இருக்கலாம். அது வயிற்றில் இருந்த காலத்தில் அதன் தாய் எங்கே மேய்ந்தது, என்ன தின்றது?

கொழுந்துக்காடு
நான் தேயிலை வெளிக்கள வேலையில் இருப்பவன், மண்ணைப் பற்றி மட்டும் சொல்கிறேன். நம் மலைநாட்டு மண் புளிப்பு மண். தேயிலைக்கு 4.5 முதல் 5.5 வரையான பீஎச் (புளிப்பின் அளவு) நல்லது என்பதால்தான் அது இங்கே நன்றாக வருகிறது. மழை இத்தனை காலமாகக் கல்சியத்தையும் மக்னீசியத்தையும் கழுவிக்கொண்டு போய்விட்டது. அதனால்தான் கவ்வாத்துச் சுற்றில் டொலமைட் கல்தூள் போடுகிறோம். பொசுபரசு மண்ணில் இருந்தாலும் இரும்போடும் அலுமினியத்தோடும் பிடித்துக்கொள்ளும், வேருக்கு எளிதில் கிடைக்காது. காட்டுக்கும் பத்தனைப் புல்வெளிக்கும் யார் டொலமைட் போடுவது? அங்கே முளைக்கிற புல்லில் தாது குறைவாகத்தான் இருக்கும். ஜனவரி, பெப்ரவரியில் உறைபனி விழுந்தால் அந்தப் புல்லும் கருகிவிடும்.

ஆனால் மரக்கறித் தோட்டத்துக் கதை நேர்மாறு. நுவரெலியாப் பக்கம் வருஷக்கணக்காக உரம் கொட்டிக் கொட்டி, பாத்தி மண்ணில் பொசுபரசு தேவைக்கு மேல் சேர்ந்து கிடக்கிறது.

அட்டன்_மாணவி
அப்போ 2021இல் இரசாயன உரம் நிறுத்தப்பட்டதே, அந்தக் காலத்தில் பிறந்ததாக இருந்தால் அதனால் இப்படி ஆகியிருக்குமா?

கொழுந்துக்காடு
தங்கச்சி, மண்ணில் சேர்ந்து கிடக்கிற பொசுபரசு ஒரு போகத்தில் தீராது. தம்பி சொல்வதைப் பார்த்தால் இது அதற்கு முன்னாலேயே பிறந்ததும்கூட. அதைக் காரணமாக்க முடியாது.

ஓய்வுபெற்ற_காவலன்
வனஜீவராசிகள் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவன். ஹோர்ட்டன் சமவெளியில் மரையோடு பழகியவன் என்ற முறையில் இரண்டு விஷயம்.

முதலாவது, குளிர்நாட்டு மான் மாதிரி நம் மரை ஒரே மாதத்தில் கூட்டமாகக் கொம்பு உதிர்ப்பதில்லை. ஒரே வெளியில் ஒன்று மொட்டைத்தலை, ஒன்று தோல் போர்த்த கொம்பு, ஒன்று உரித்து மினுக்கின கொம்பு என்று மேயும். அரையாக வளர்ந்த கொம்பைப் பார்த்துவிட்டு "இதற்கு இவ்வளவுதான்" என்று சொல்கிறவர்கள் ஏராளம். தோல் உரிந்து, நுனி வெளுத்து மினுங்குகிறதா என்று பார்த்த பிறகுதான் பேச வேண்டும்.

இரண்டாவது, கம்பி. பன்றிக்கு வைக்கிற சுருக்கில் மரையின் கால் மாட்டி, இழுத்து அறுத்துக்கொண்டு போன மரைகளைப் பார்த்திருக்கிறேன். பின்னங்கால் கெட்டால் எதிர்ப்பக்கத்துக் கொம்பு கோணிக்கொண்டு வரும். இடது பின்னங்கால் போனால் வலது கொம்பு சிறுக்கும், முறுக்கும். டொக்டர் விளக்கம் சொல்லட்டும், நான் கண்ணால் கண்டது இது. எங்கள் மலையில் கோணல் கொம்பு பாதி மனுஷன் செய்த வேலை. அந்தக் கம்பியில்தான் சிறுத்தையும் மாட்டிச் சாகிறது. வித்தைக் காப்பாற்றக் கம்பி வைக்கிறேன் என்று ஒருவர் சொன்னால், தயவுசெய்து தடுத்து நிறுத்துங்கள். மரை 1937ஆம் ஆண்டு விலங்கு, தாவரப் பாதுகாப்புச் சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட மிருகம். கொல்வது குற்றம்.

கால்நடை_அக்கா
ஐயா சொன்னது ஆய்வுகளிலும் பதிவான விஷயம். பின்னங்கால் காயம் எதிர்ப்பக்கக் கொம்பைத் தாக்கும். கொம்புக் குமிழே உடைந்தால் அந்தப் பக்கமே கெடும். எந்த வகையானாலும் கேடு ஒரு பக்கத்தில்தான் தெரியும். தம்பி, இரண்டு குச்சியும் ஒரே மாதிரியா? நடையில் நொண்டல் உண்டா? தொண்டையில் மயிர் உதிர்ந்து சிவந்த புண் மாதிரி இருந்தால் பயப்பட வேண்டாம். அது காயம் அல்ல, மரைக்கு இயல்பாக வருவது, சுரப்போடு சம்பந்தப்பட்டது.

ஹோமோன் கோளாறைக் கண்டுபிடிப்பதும் எளிது. விதை அடிபட்டோ நோய்ப்பட்டோ டெஸ்டோஸ்டெரோன் இல்லாமல் போனால் கொம்பு இறுகாது, தோல் உரியாது, உதிரவும் செய்யாது. வருஷம் முழுக்கத் தோலோடு, கட்டி கட்டியாக ஒழுங்கில்லாமல் வளர்ந்துகொண்டே போகும். கழுத்தும் தடிக்காது. குட்டியிலேயே விதை நீங்கினால் கொம்பே முளைக்காது.

தலவாக்கலை_செல்வா
சரி, கிளையில்லாத கொம்போடு அது மற்ற ஆண்களோடு மோதி எப்படி ஜெயிக்கும்? இணை சேராதென்றால் வித்துப் பேச்சே தேவையில்லையே.

கால்நடை_அக்கா
அப்படிச் சொல்ல முடியாது. ஸ்கொட்லாந்தில் செம்மான்களில் கொம்பே இல்லாத ஆண் அபூர்வமாகப் பிறக்கும். உடம்பு பலமாக இருந்தால் அதுவும் பெண்களைச் சேர்த்து வைத்துக்கொள்ளும். அப்படிப்பட்ட ஒன்றை ஆராய்ச்சியாளர்கள் பிடித்து வளர்த்து இணை சேர்த்தார்கள். அதன் மகன்களுக்கு ஒழுங்கான கொம்பு வந்தது. அந்த மொட்டைத்தலை ஆணின் நெற்றிக் குமிழில் வேண்டுமென்றே சிறு காயம் உண்டாக்கியபோது அதற்கே கொம்பு முளைத்தது. கொம்பு வளர்க்கிற திறமை உள்ளே இருந்திருக்கிறது, இளமையில் குமிழ் சரியாக வளராததால் தொடங்காமலே போயிருக்கிறது.

அதே நாட்டில் ரம் தீவு என்ற இடத்தில் செம்மான்களை ஒவ்வொன்றாக அடையாளம் வைத்துப் பல பத்தாண்டுகளாகக் கவனிக்கிறார்கள். கொம்பின் எடையில் ஒரு பங்கு பரம்பரையாக வருவது என்று அங்கே கணக்கிட்டிருக்கிறார்கள். பெரிய கொம்புக்காரனுக்குக் குட்டியும் அதிகம். அப்படியானால் தலைமுறைக்குத் தலைமுறை கொம்பு பெருக்க வேண்டுமே? பெருக்கவில்லை. 2002இல் வந்த ஆய்வு காரணத்தைச் சொன்னது: நன்றாகத் தின்ற ஆணுக்குக் கொம்பும் பெரிசு, குட்டியும் அதிகம். இரண்டுக்கும் பின்னால் இருந்தது இரை. மான் பெருகி மேய்ச்சல் குறைந்த காலத்தில் கொம்பும் இளைத்தது. தாதுக்காக அந்தத் தீவு மான்கள் கடற்பறவைக் குஞ்சின் தலையையும் காலையும் கடித்துத் தின்கின்றன என்றால் பசி எப்படிப்பட்டது என்று யோசியுங்கள். புல் தின்னும் மிருகம்!

ஓய்வுபெற்ற_காவலன்
இங்கேயும் அந்த நெருக்கம் உண்டு. சமவெளி 1969இல் வனஜீவராசிச் சரணாலயமாகி 1988இல் தேசியப் பூங்கா ஆனபின் வேட்டை ஓய்ந்தது. நல்ல விஷயம்தான். சாமுவேல் பேக்கர் 1848இல் நுவரெலியாவில் குடியேறி நாய்க்கூட்டத்தோடு மரை விரட்டின காலத்தோடு ஒப்பிட்டால் சொர்க்கம். ஆனால் இருக்கிற வெளி அதேதான், மேய்கிற வாய் கூடிவிட்டது. கீழே இறங்கினால் தேயிலை, மரக்கறி, மனுஷர். சுற்றுலா வருகிறவர்கள் சமவெளியின் பார்வையாளர் மையமான ஃபார் இன் பக்கத்தில் பிஸ்கட்டும் பாணும் கொடுத்துப் பழக்குகிறார்கள். அதில் கொம்புக்கு ஆகிற சத்து ஒன்றுமில்லை. பொலித்தீனையும் சேர்த்து விழுங்கும். தயவுசெய்து கொடுக்காதீர்கள்.

பழைய பங்களாச் சுவரில் மாட்டியிருக்கிற கொம்புகளைப் பார்த்து "அந்தக் காலத்து மரை எவ்வளவு பெரிசு" என்று பேசுவதையும் நான் ஏற்கமாட்டேன். துரைமார் சுட்டதில் பெரியதைத்தான் மாட்டினார்கள். குச்சிக்கொம்பை யார் மாட்டுவார்கள்?

ராகலை_குமார்
எங்கள் பக்கத்துக் கேளையாட்டுக்கு எப்பவும் சின்னக் குச்சிதான், அதையும் இதோடு சேர்க்கலாமா?

கால்நடை_அக்கா
சேர்க்க முடியாது. கேளையாட்டுக்கு இனமே அப்படி. நீண்ட குமிழின்மேல் குட்டையான கொம்பு, அடியில் ஒரு சிறு கிளை. சண்டைக்கு அது மேல்தாடைக் கோரைப்பல்லை நம்புகிறது. சருகுமானுக்குக் கொம்பே கிடையாது. நாம் பேசுவது மூன்று முனை வர வேண்டிய இனத்தில் வராததைப் பற்றி.

பட்டிப்பொலயான்
எல்லாருக்கும் நன்றி. நேற்று ராத்திரி டோர்ச் அடித்து, தூரத்தில் இருந்து கமராவில் படம் எடுத்தேன். அக்கா சொன்ன மாதிரி அடியைப் பார்த்தேன். தலையோடு ஒட்டி, என் மணிக்கட்டுத் தடிமனுக்குக் கரடு கட்டியிருக்கிறது, அங்கிருந்து திடீரென்று மெலிந்து குச்சியாகப் போகிறது. இரண்டு பக்கமும் ஒரே அளவு. தோல் இல்லை, நுனி வெளுத்து மினுங்குகிறது. நாலு காலும் சரி. பக்கத்து வீட்டுப் பெரியப்பாவிடம் கேட்டேன், முன்பு கிளை இருந்ததா என்று. காது கிழிந்த நாளிலிருந்து கிளையைப் பார்த்ததே இல்லை என்கிறார்.

கால்நடை_அக்கா
மிகவும் நல்ல விவரம். இப்போது கழித்துப் பாருங்கள். அடி தடித்திருப்பதால் இளசு இல்லை. இரண்டும் ஒத்திருப்பதால் காலோ குமிழோ அடிபட்டது இல்லை. தோல் உரிந்து கழுத்தும் தடித்திருப்பதால் ஹோமோன் குறை இல்லை. முதுமையில் கொம்பு பின்வாங்குவது உண்டு, முன்பு மூன்று முனை இருந்து பிறகு முனை குறையும். இதற்கு முன்பும் இல்லை என்பதால் அதுவும் இல்லை. உடம்பு பெருத்து மினுக்கத்தோடு இருப்பதால் நோயும் புழுவும் இப்போதைக்குத் தெரியவில்லை. மிஞ்சுவது இரண்டு: தாய் வயிற்றிலும் பால்குடியிலும் பட்ட குறை, அல்லது பரம்பரை. இரண்டும் கலந்தும் இருக்கலாம். வெளியில் நின்று பார்த்து இதற்குமேல் யாராலும் பிரிக்க முடியாது. வித்துக் கெட்டது என்று உங்கள் ஆட்கள் சொல்வது தெரியாத ஒன்றைத் தெரிந்ததாகச் சொல்வது. அதற்காக ஒரு உயிரை எடுக்கக்கூடாது. அவர்களின் கோபம் லீக்ஸ் போனதில்தான் என்று நினைக்கிறேன், அது நியாயமான கோபம். அதற்கு வழி வேலி.

தலவாக்கலை_செல்வா
ஏற்றுக்கொள்கிறேன் டொக்டர். கொஞ்சம் தாதுக்கட்டி, உப்புக்கட்டி காட்டோரம் வைத்தால் அடுத்த கொம்பு நன்றாக வருமா?

ஓய்வுபெற்ற_காவலன்
வேண்டாம். ஒரே இடத்தில் எல்லா மரையும் வந்து நக்கினால் நோய் பரவும். அந்த இடம் தெரிந்தால் கம்பி வைக்கிறவனுக்கும் துப்பாக்கிக்காரனுக்கும் வசதி. பட்டிமாட்டின் நோயும் அங்கே தொற்றும். தாது வேண்டுமென்றால் மிருகமே விழுந்த கொம்பையும் எலும்பையும் கடித்துக்கொள்ளும். முள்ளம்பன்றி கொறித்துத் தீர்ப்பதும் அதைத்தான்.

தம்பி, அந்தக் கொம்பு இனி விழுந்து கிடந்தால் பக்கத்தில் கையை வைத்து அளவு தெரியப் படம் எடு, கிடந்த இடத்திலேயே விட்டுவிடு. பூங்காவுக்குள் இருந்து எதையும் எடுத்துவர முடியாது. வெளியே கிடந்தாலும் வீட்டில் வைக்கவோ விற்கவோ போனால் வழக்கில் மாட்டுவாய்.

பட்டிப்பொலயான்
சரி ஐயா, எடுக்கமாட்டேன். விழுந்த மாதத்தைக் குறித்து வைத்து, புதுக்கொம்பு தோல் உரிந்ததும் இதே இழையில் படம் போடுகிறேன். தோட்டக்காரர்களிடம் அக்காவின் பதிலை வாசித்துக் காட்டினேன், இரண்டு பேர் கம்பியைக் கழற்றச் சம்மதித்திருக்கிறார்கள். மற்றவர்களோடு ஞாயிற்றுக்கிழமை பேச வேண்டும். மரை தாண்டாத உயரத்துக்கு வேலி போட எவ்வளவு செலவாகும், எந்தக் கம்பு நிற்கும் என்று கேட்டுத் தனி இழை தொடங்கியிருக்கிறேன், அனுபவப்பட்டவர்கள் அங்கே வாருங்கள்.